வெளித் தாழ்ப்பாள்

நாலு கண்டங்களில் ஓடுகிற கார்களின் கதவுகள் ஓசூரை நம்பித்தான் சாத்திக்கொள்கின்றன என்று அந்தக் கம்பெனியின் வரவேற்பறைச் சுவரில் தங்க எழுத்தில் எழுதியிருந்தது. பொய் இல்லை. கார்க் கதவுக்கான பூட்டுகள் அங்கேதான் லட்சக்கணக்கில் பிறந்து, அட்டைப் பெட்டியில் படுத்து, கப்பலேறிப் போயின. அப்பேர்ப்பட்ட கம்பெனியில், அசெம்பிளி லைன் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிவறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எண்ணெய் மண்டிக்காரர் தலையில் என்றைக்கு எண்ணெய் பளபளத்திருக்கிறது? விற்கிற சரக்கில் வீட்டுக்குக் கை வைத்தால் கடை தங்காது.

தாழ்ப்பாள் முன்பு இருந்ததுதான். ஒரு திருகு கழன்றது. அதைப் பார்த்து இன்னொன்று கழன்றது. ஒரு நாள் தாழ்ப்பாளே தரையில் விழுந்து, யாரோ பெருக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். கதவில் ஓட்டைகள் மட்டும் மிச்சம். வேறு காலமாக இருந்தால் ஃபிட்டர் கரியப்பன் டூல் பையோடு வந்து, கேன்டீன் டீ ஆறுவதற்குள் புதுசு ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் அந்தச் சமயத்தில்தான் எம்.டி. விஜயகுமார், பெங்களூருப் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் நடந்த வெற்றி முகாமுக்குப் போய்வந்திருந்தார்.

முகாமில் பெரிய பெரிய முதலாளிகளின் கண்ணைக் கட்டி, இடது கையால் மசால் தோசை சாப்பிடச் சொன்னார்களாம். சட்னி மூக்கில் ஏறிய கணத்தில் விஜயகுமாருக்கு ஞானம் பிறந்தது. வாழ்க்கையில் ஜெயித்தவர்கள் எல்லாம் வழக்கமான வழியை விட்டவர்கள். ஆகவே வழக்கமான வழியை விட்டவர்கள் எல்லாம் ஜெயிப்பார்கள். இந்தக் கணக்கில் இருக்கிற பொத்தலைச் சந்தையில் கத்திரிக்காய் கூறு கட்டுகிறவர்கூடக் காட்டிக் கொடுத்துவிடுவார். முகாமில் யாரும் காட்டவில்லை. கட்டணத்தை முன்கூட்டியே வாங்கியிருந்தார்கள்.

திரும்பி வந்த எம்.டி. உத்தரவு போட்டார். இனிமேல் கம்பெனியில் எந்த அன்றாடப் பிரச்சினையும் வழக்கமான முறையில் தீர்க்கப்படக் கூடாது. ஸ்டோர் ரூமைக் காலி செய்து, திருகும் ஆணியும் இருந்த இடத்தில் மெத்து மெத்தென்று மூட்டை நாற்காலிகளும் ஓர் ஊஞ்சலும் போட்டு, 'வேறுவழி மையம்' என்று பலகை மாட்டினார்கள். மையத்துக்குத் தலைவராக ஹரீஷ்குமார் என்பவர் வந்தார். கோட்டுக்குக் கீழே ஓட்டப் பந்தய ஷூ போட்டிருப்பார். கரியப்பனிடமிருந்து டூல் பையைப் பிடுங்கிக்கொண்டு மஞ்சள் பனியன் ஒன்றைக் கொடுத்து, 'மாற்றத் தூதர்' ஆக்கினார்கள். எங்கே மெஷின் நின்றாலும் அவர் ஓடிப்போய், "வேற மாதிரி யோசிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொள்வார்.

இந்த மையத்தின் வாசலில்தான் கல்லாவி ஊர்க்காரி மணிமேகலை ஒரு நாள் மதியம் போய் நின்றாள்.

மணிமேகலை கான்ட்ராக்டில் இருந்தவள். வருகிற தை மாதம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மூன்று மெமோ வாங்கினால் நிரந்தரம் இல்லை, வேலையே இல்லை. வேலை இல்லை என்றால் ஊர். ஊருக்குப் போனால் அத்தை மகன் கிருஷ்ணப்பன். அவன் நல்லவன்தான், ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் தக்காளி விலையில்தான் முடிப்பான். ஆகவே அவள் தலை குனிந்து பூட்டு மாட்டி, தை மாதத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தாள். குறுக்கே இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

"சார், லேடீஸ் டாய்லெட் கதவுக்குத் தாழ்ப்பாள் வேணுங்க."

ஊஞ்சலில் இருந்த ஹரீஷ்குமாரின் முகம், கூட்டிக் கழிக்கத் தெரியாத பிள்ளையைப் பார்த்த வாத்தியார் மாதிரி வாடியது.

"நீங்க தீர்வைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. பிரச்சினையைச் சொல்லுங்க."

"தாழ்ப்பாள் இல்லாததுதாங்க பிரச்சினை."

"பாத்தீங்களா? மறுபடி தாழ்ப்பாள். உங்க மனசைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க." அருகில் இருந்த உதவியாளர் இதைக் குறித்துக்கொண்டார். "நாம வேரைத் தேடுவோம். தாழ்ப்பாள் எதுக்கு?"

"கதவு சாத்தியிருக்கறதுக்கு."

"ஏன் சாத்தியிருக்கணும்?"

"உள்ள ஆள் இருக்கறப்ப இன்னொருத்தங்க வந்துடக் கூடாதுங்களே."

"இன்னொருத்தங்க ஏன் வர்றாங்க?"

மணிமேகலை சுற்றுமுற்றும் பார்த்தாள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வயசு அவருக்குத் தாண்டியிருந்தது. "அவசரம் சார்."

"அவசரம் ஏன் வருது?"

"தண்ணி குடிக்கறோமே."

ஹரீஷ்குமார் ஊஞ்சலை நிறுத்தினார். கண்கள் கலங்கியிருந்தன. "தண்ணி," என்றார். "இத்தனை நாளா எல்லாரும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. யாரும் தண்ணியைப் பாக்கல."

மறுநாள் காலையில் அசெம்பிளி லைன் ஓரத்தில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டுபோய், லாரி லோடு ஏற்றுகிற இடத்தில் வைத்தார்கள். கேன் இருந்த இடத்தில், 'வேரை வென்றோம்' என்று ஒரு பலகை.

தண்ணீர் குறைந்ததும் போகிற ஆள் குறைந்தது உண்மை. பலகைக்குக் கீழே இறங்குமுகமாக ஒரு கோடு போட்டு ஒட்டினார்கள். கோடு தரையைத் தொட்ட வாரம் மணிமேகலைக்குக் காய்ச்சல் கண்டது. சிறுநீர் போனால் மிளகாய்ப்பொடி கரைத்த மாதிரி எரிந்தது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "தண்ணி குடிக்கறதே இல்லையா? உங்க கம்பெனிப் பிள்ளைங்க இந்த வாரம் எத்தனை பேர்மா இதே எரிச்சலோட வருவீங்க?" என்று திட்டி அனுப்பினார்.

"ஏத்தா, எங்க ஊர்ல கருவேலங்காட்டுக்குப் போயிட்டு வாரதுக்குக்கூட இம்புட்டு மீட்டிங் போட மாட்டாக," என்றாள் இருளாயி. கமுதிப் பக்கத்துக்காரி. மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டு அறையை மணிமேகலையோடு பங்குபோட்டிருந்தவள். லைனிலும் அடுத்த நாற்காலி. "நான் வெளிய நிக்கிறேன், நீ போயிட்டு வா. நான் போறப்ப நீ நில்லு. ஒரு பயலும் கிட்ட வர மாட்டான்."

அப்படியே செய்தார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி காவல். உள்ளே இருப்பவள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள், ஆள் இருப்பது தெரியட்டும் என்று. நாலே நாளில் லைன் முழுக்க இந்தப் பழக்கம் பரவியது. பரவிய வேகத்தில் ஹெச்.ஆர். சௌமியா மேடம் கண்ணிலும் பட்டது. மணிமேகலைக்கும் இருளாயிக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. குற்றம்: இரட்டை இல்லாமை. ஒருவர் உபாதைக்கு இருவர் லைனை விட்டு அகன்றது.

"மேடம், தாழ்ப்பாள் இருந்தா ஒரு ஆளு போதுங்க," என்றாள் மணிமேகலை.

"எனக்குப் புரியுது மணிமேகலை. நானும் ஒரு பொண்ணுதானே," என்றார் சௌமியா மேடம். அவர் மாடியில் இருந்தார். மாடிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது. போதாததற்கு ஒரு கொக்கியும் இருந்தது. வேறுவழி மையம் பிறப்பதற்கு முன்பே மாட்டியது என்பதால் அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை. "ஆனா ஒரு பொண்ணா நான் என்ன சொல்லுவேன்னா, பயத்தை வெளியில பூட்டாதீங்க, உள்ளேருந்து திறங்க."

மெமோ மெமோவாகவே இருந்தது. ஆனால் முணுமுணுப்பை மையம் பிடித்துக்கொண்டது. ஹரீஷ்குமார் ஒரு நாள் கழிவறைக்குச் சற்றுத் தள்ளி நின்று கண்ணை மூடிக் கேட்டார். "கதவைப் பார்வையால மூடப் பாத்தோம். இவங்க ஒலியால மூடியிருக்காங்க," என்றார். அடுத்த வாரம் 'ஹம்மிங் திட்டம்' தொடங்கியது. இதைத் தான்தான் யோசித்ததாக மையத்தின் படக்காட்சியில் ஹரீஷ்குமாரின் புகைப்படம் சொன்னது.

என்ன பாட்டு என்பதில்தான் சிக்கல். சாமிப் பாட்டைக் கழிவறையில் பாடலாமா என்று ஒருவர் கேட்டார். சினிமாப் பாட்டுக்கு உரிமைத் தொகை கேட்டு வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார் இன்னொருவர். தமிழ்ப் பாட்டு என்றால் கன்னடப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், கன்னடம் என்றால் தெலுங்குக்காரர்கள், இது எல்லையோரம், காவிரியை நினைத்துப் பாருங்கள் என்றார் சௌமியா மேடம். கடைசியில் சொல்லே இல்லாமல் வெறும் ஹம்மிங் என்று முடிவாயிற்று. அதைக் கற்றுக்கொடுக்க ஆர்மோனியத்தோடு ஒருவர் வந்தார். விதியைச் சுவரில் மாட்டினார்கள்: ஹம்மிங் கேட்கும்வரை யாரும் கதவைத் தொடக் கூடாது. மீறினால் மெமோ.

நல்ல விதிதான். ஆனால் அந்தத் தளத்தில் பிரஸ் மெஷின்கள் மலையை உடைக்கிற மாதிரி இடித்துக்கொண்டிருந்தன. அதனால் எல்லோரும் காதில் பிளக் செருகியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதை மீறினாலும் மெமோ. ஹம்மிங் உள்ளே இருப்பவளுக்கு மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மணிமேகலை தேர்ப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், பேரம் பேசி, ஒரு தாழ்ப்பாளை வாங்கிவிட்டாள். கடைக்காரர் திருகுகளைக் கொசுறாகப் போட்டார். எதற்கு என்று கேட்டார். சொன்னாள். அவர் கல்லாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

"இதைத் தாழ்ப்பாள்னு சொல்லிக் குடுத்தா எவன் வாங்குவான் கண்ணு? சரக்கை மாத்தாதே. பேரை மாத்து. குருணையைக் குருணைன்னு சொன்னா கோழிக்குக்கூட வாங்க மாட்டான். 'ஒடச்ச பொன்னி, சீக்கிரம் வேகும்'னு சொல்லு, ரெண்டு கிலோ கூடக் கேப்பான். பெருசா, வாய்ல நுழையாத பேரா வையி."

திங்கட்கிழமை அவள் மையத்துக்குப் போனாள். காகிதப் பொட்டலத்தை நீட்டி, வழி நெடுகச் சொல்லிப் பார்த்த பேரைச் சொன்னாள். "சார், இது தனிமை உறுதி விசைங்க."

ஹரீஷ்குமார் அதை வாங்கிக் கோலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். நேரம் அவளுக்குச் சாதகமாக இருந்தது. பெங்களூருவில் ஏதோ ஒரு மாற்றுச் சிந்தனை விருது. அதன் நடுவர் அடுத்த மாதம் கம்பெனியைப் பார்க்க வருகிறார். காட்டுவதற்கு மையத்திடம் ஊஞ்சலைத் தவிர ஒன்றுமில்லை.

"பிரமாதம்," என்றார். "தனிமை உறுதி விசை. இதைக் கதவுல மாட்டுறோம்."

மணிமேகலைக்குக் கடைக்காரரின் காலில் விழ வேண்டும்போல இருந்தது. அந்த நினைப்பு அடங்குவதற்குள் ஹரீஷ்குமார் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இந்த மாதிரி ஒண்ணை வழக்கமா எந்தப் பக்கம் மாட்டுவாங்க?"

"உள்பக்கம்தாங்க."

"அப்ப நாம எந்தப் பக்கம் மாட்டணும்?"

அவள் பொட்டலக் காகிதத்தை மடித்தாள். பேசினால் வேரைத் தேடுவார்.

மாற்றத் தூதர் கரியப்பனுக்கு ஒரு நாளைக்கு மட்டும் டூல் பை திரும்பக் கிடைத்தது. அவர் கதவின் வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாளை மாட்டினார். மாட்டும்போது, "ஆட்டுப் பட்டிக்குத்தான்மா இப்பிடி மாட்டுவாங்க," என்று மெதுவாகச் சொன்னார்.

புது விதிகள் சுவரில் ஏறின. உள்ளே போகிறவள் ஒரு தோழியை அழைத்துவர வேண்டும். தோழி வெளியே தாழிட்டுவிட்டு உடனே லைனுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே இரட்டை இல்லாமை ஒழிந்தது. உள்ளே இருப்பவள் வேலை முடியும்வரை ஹம்மிங் செய்ய வேண்டும். தோழி திரும்பி வந்து, ஹம்மிங் நின்றிருந்தால் மட்டும் திறக்க வேண்டும். தாழிட்ட தோழியைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. அது நம்பிக்கைத் துரோகம். எதை மீறினாலும் மெமோ. எல்லா ஷிப்டுக்கும் இதில் பயிற்சி கொடுத்தார்கள். தரை கழுவுகிற காளியம்மாளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவள் வேறு கான்ட்ராக்டருடைய ஆள்.

முதல் வாரமே மணிமேகலை மாட்டிக்கொண்டாள். இருளாயி வெளியே தாழிட்டுவிட்டு லைனுக்குப் போனாள். போன இடத்தில் சூப்பர்வைசர் மோகன்குமார் அவளைப் பேக்கிங் பகுதிக்கு அனுப்பிவிட்டார். மணிமேகலை வேலை முடிந்து ஹம்மிங்கை நிறுத்திக் காத்திருந்தாள். கதவைத் தட்டினாள். வெளியே பிரஸ் மெஷின்களும் தட்டின. இருளாயி நினைவு வந்து ஓடிவந்து திறப்பதற்குள், லைனில் மணிமேகலையின் இடத்தில் பூட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. இரண்டாவது மெமோ. குற்றம்: கழிவறையில் அளவு கடந்த தங்கல்.

"பாவி நான்தாண்டி, என்னைய ரெண்டு மொத்து மொத்து," என்று இருளாயி அழுதாள்.

"விடுக்கா. உனக்கு இன்னாத்துக்கு அடி? கல்யாணத்துக்கு வந்து பரிமாறு," என்றாள் மணிமேகலை.

இன்னும் ஒன்று வந்தால் கிருஷ்ணப்பன்தான். அந்த வாரமே இருளாயிக்கும் இன்னொன்று வந்திருந்தது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய பிறகு, காணாமல்போன செருப்பைத் தேடித் தளத்தில் நின்றதற்காக. ஓவர்டைம் பாஸ் இல்லாமல் சங்குக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே மணிமேகலை விதிகளை மந்திரம்போல மனப்பாடம் செய்துகொண்டாள். இனி ஒரு எழுத்துத் தப்பக் கூடாது.

நடுவர் வந்த நாளில் வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். வயதானவர், வெள்ளைச் சட்டை, எதைக் காட்டினாலும் கன்னடத்தில் "சென்னாகிதெ, சென்னாகிதெ", நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிறவர். தளத்துக்குள் போன் கூடாது என்பதால் எம்.டி. விஜயகுமார் முன்மாதிரியாகத் தன் போனை வாசல் பெட்டியில் போட்டார். அதைப் புகைப்படம் எடுத்தார்கள். நடுவரும் ஹரீஷ்குமாரும் போட்டார்கள். அதையும் எடுத்தார்கள். பிறகு லைனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, கழிவறைக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள்.

"சின்ன வயசுல எங்கப்பா என்கிட்ட சொல்வார், கதவு மூடியிருந்தா ஜன்னல் வழியா போடான்னு," என்று எம்.டி. பேசினார். "நான் இன்னைக்கு ஜன்னலையே கதவாக்கியிருக்கேன். எங்க பொண்ணுங்க சாதாரணப் பொண்ணுங்க இல்ல. ஒருத்தியோட தனிமையை இன்னொருத்தி கையில குடுத்திருக்கோம். உலகத்துல எந்தக் கம்பெனியும் இதைச் செய்யல."

அது உண்மைதான் என்று பின்வரிசையில் கரியப்பன் தலையாட்டினார்.

"இதை வெளியிலேருந்து பாத்தா புரியாது சார், உள்ளேருந்து அனுபவிக்கணும்," என்றார் ஹரீஷ்குமார். முந்தின நாளே ஃபினாயில் ஊற்றிக் கழுவி, ஊதுபத்தி ஏற்றி, உள்ளே ஒரு குரோட்டன்ஸ் தொட்டியும் வைத்திருந்தார்கள். நடுவர் உள்ளே போனார். எம்.டி. போனார். ஹரீஷ்குமார் தொட்டியை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு போனார். போகும்போது, தனிமை உறுதி விசையின் முதல் பயனாளி என்று அறிமுகப்படுத்தியிருந்த மணிமேகலையைப் பார்த்து, "நீங்கதான் எங்க தோழி. விதிப்படி செய்யுங்க. ஒண்ணுகூட மாறக் கூடாது," என்றார்.

மணிமேகலை தாழிட்டாள். உள்ளே மூன்று சுருதியில் ஹம்மிங் கிளம்பியது. விதிப்படி அவள் உடனே லைனுக்குத் திரும்பினாள். கூட்டமும் கலைந்து லைன் ஓடத் தொடங்கியது. காதில் பிளக்கைச் செருகிக்கொண்டு, வரிசையாக வந்த பூட்டுகளுக்கு ஸ்பிரிங் மாட்டினாள்.

சிறிது நேரம் கழித்துப் போய்க் கதவில் காதை வைத்தாள். ஹம்மிங் நிற்கவில்லை. நடுவர் சுருதி சேர்ந்துவிட்டார்போல. ஆலாபனை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். நடுவர் நிறுத்தாமல் எம்.டி. எப்படி நிறுத்துவார்? எம்.டி. நிறுத்தாமல் ஹரீஷ்குமார் எப்படி நிறுத்துவார்? திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் ஸ்பிரிங் மாட்டினாள். அப்போது சங்கு ஊதியது.

அவள் கதவுக்கு ஓடினாள். உள்ளே இன்னும் ஹம்மிங். கை தாழ்ப்பாள்மேல் போய், சுவரில் இருந்த விதியைப் பார்த்ததும் சூடு பட்டதுபோலத் திரும்பியது. மோகன்குமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போவதைப் பார்த்து, அவரை மறித்தாள்.

"சார், உள்ள ஹம்மிங் நிக்கலைங்க. தெறக்கட்டுமா?"

மோகன்குமாரும் சுவரைப் படித்தார். நிதானமான மனுஷன், அதனால்தான் சூப்பர்வைசர் ஆனார். "ஹம்மிங் நிக்காம திறந்தா மெமோ," என்றார்.

"நிக்கறவரைக்கும் இருக்கட்டுங்களா?"

"சங்கு ஊதின பிறகு நின்னா மெமோ. பாஸ் இருக்கா?"

"இல்லைங்க."

"வேற யாரையாச்சும் திறக்கச் சொன்னா?"

"நம்பிக்கைத் துரோகம்னு போட்டிருக்குதுங்க."

மோகன்குமார் கதவைப் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் பாஸ் இல்லை. "பஸ்ஸைப் பிடி," என்றார்.

அவள் பிடித்தாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, விதிகளை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துத் தப்பவில்லை.

மீதியை மறுநாள் காலை லைன் வீட்டுக் குழாயடியில் பிரியதர்ஷினி சொன்னாள். அவள் இரண்டாம் ஷிப்ட். குடத்தை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மொதல்ல ஹம்மிங்தான் கேட்டுச்சுக்கா. நின்னதும் டமடமன்னு தட்டறாங்க. காதுல பிளக்கை எடுத்துட்டுக் கிட்ட போனா ஆம்பளக் குரல். 'திறங்க, நான் எம்.டி. பேசறேன்'னுது. 'உங்க தோழி யாருங்க'ன்னு கேட்டேன்."

"ஐயோ. இன்னா சொன்னாங்க?"

"உன் பேரைத்தான் சொன்னாங்க. 'அவங்க ஃபர்ஸ்ட் ஷிப்ட், போயிட்டாங்களே, காலைலதான் வருவாங்க'ன்னேன்."

"அப்புறம்?"

"அந்த ஹரீஷ் சாரு, 'விதியை விடும்மா, திற'ங்கறாரு. 'நீங்கதான சார் பயிற்சியில சொன்னீங்க, யாரு கெஞ்சினாலும் அதட்டினாலும் வேற ஆள் திறக்கக் கூடாதுன்னு'ன்னேன். ஏற்கெனவே எனக்கு ஒரு மெமோ இருக்குக்கா. ஓடிப்போய் வாட்ச்மேன் ஆஞ்சப்பன் அண்ணனைக் கூட்டியாந்தேன். அவரு தரையில போட்ட மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்டையே நின்னுட்டாரு. 'லேடீஸ் டாய்லெட் பக்கம் நான் வந்தா என் உத்தியோகம் போயிரும் தல்லி'ன்னு அங்கிருந்தே சல்யூட் அடிச்சாரு. கதவுக்கு."

"யாருதான் தெறந்தது?"

"டீ நேரத்துல காளியம்மா பக்கெட்டோட வந்துச்சு. கழுவணும், நவுருங்கன்னுச்சு. தாழ்ப்பாளைத் தள்ளுச்சு. மூணு பேரும் வெளிய வந்தாங்க. ஊதுபத்திப் பொகையில கண்ணெல்லாம் செவந்து போச்சு. எம்.டி. கையில குரோட்டன்ஸ் தொட்டி. ஏன்னு அவருக்கே தெரியல."

மணிமேகலைக்குச் சிரிப்பு வரவில்லை. விதிப்படி நடந்தவளுக்குத் தண்டனை இல்லை என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

கம்பெனிக்குள் நுழைந்ததும் மாடிக்கு வரச் சொன்னார்கள். எம்.டி. அறையில் விஜயகுமார், ஹரீஷ்குமார், சௌமியா மேடம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் பலகாரத் தட்டு. பலியாட்டுக்குத்தான் மாலை போடுவார்கள்.

"ஏம்மா திறக்கலே?" என்றார் எம்.டி.

"ஹம்மிங் நிக்கலைங்க சார்."

எம்.டி. ஹரீஷ்குமாரைப் பார்த்தார். ஹரீஷ்குமார் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் விதி எதுவும் இல்லை. ஒரு அருவிப் படம்தான் இருந்தது.

"உட்காரும்மா," என்றார் சௌமியா மேடம். "நேத்து நடந்தது ஒரு விபத்துன்னு நடுவர் நினைச்சிடக் கூடாது. இன்னைக்கு மதியம் அவர் போன் பண்ணுவார். உன்கிட்டயும் பேசணும்னு சொல்லியிருக்கார். அது திட்டமிட்ட பயிற்சின்னு நீ சொல்லணும். முழு அடைப்பு அனுபவப் பயிற்சி."

மணிமேகலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா கல்லாவிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். சின்ன வயசில் அவர் தோளில் உட்கார்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. வாங்க வந்தவனுக்கு அவசரம் என்று தெரிந்தால் அவர் விலை சொல்ல மாட்டார். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு தூரத்துப் புளியமரத்தைப் பார்ப்பார். வந்தவனே ஏற்றிக்கொண்டு வருவான்.

அவள் அருவிப் படத்தைப் பார்த்தாள்.

"உனக்கு ஒரு மஞ்சள் பனியன் குடுத்துடலாம்," என்றார் ஹரீஷ்குமார். "மாற்றத் தூதர்."

அருவி நன்றாக இருந்தது.

"தண்ணி கேன் பழைய இடத்துக்கு வந்துடும்," என்றார் சௌமியா மேடம்.

அருவிக்குப் பக்கத்தில் ஒரு மான் இருந்தது. இதுவரை கவனிக்கவில்லை.

"அந்த ரெண்டு மெமோவும் கற்றல் அனுபவம்னு மாத்திக்கலாம்," என்றார் சௌமியா மேடம், சற்று வேகமாக.

மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. விரும்பிய அளவு.

எம்.டி. முன்னால் சாய்ந்தார். "என்னதாம்மா வேணும் உனக்கு?"

"தாழ்ப்பாள் உள்பக்கம் வேணுங்க சார்."

ஹரீஷ்குமார் எதையோ சொல்ல வாயெடுத்தார். எம்.டி. கையைக் காட்டி நிறுத்தினார். ஊதுபத்திப் புகை இன்னும் அவர் தொண்டையில் இருந்தது. "உள்பக்கம்," என்றார்.

"கேனு பழைய இடத்துலதான். மெமோ மாத்த வேணாங்க, கிழிச்சிடணும்," என்றாள் மணிமேகலை, எழுந்துகொண்டே. "இருளாயி அக்காவுதும், பிரியதர்ஷினியுதும் கொசுறு."

மதியம் நடுவர் போன் செய்தார். திட்டமிட்ட பயிற்சிதான் என்று அவள் சொன்னாள். "தும்ப சென்னாகிதெ," என்றார் நடுவர். வீட்டில் இப்போதெல்லாம் யாரும் தன்னைப் பாட விடுவதில்லை என்றும் சொன்னார்.

விருது கம்பெனிக்கே கிடைத்தது. மேடையில் ஹரீஷ்குமார் பேசினார். "உலகமே தாழ்ப்பாளை வெளியில மாட்டிக்கிட்டிருந்தப்ப, நான் மட்டும்தான் யோசிச்சேன், இதை ஏன் உள்பக்கம் மாட்டக் கூடாதுன்னு. அந்த யோசனை ஒரு சின்ன அறையில அடைபட்டிருந்தப்பதான் எனக்கு வந்தது." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இப்போது அவர் மற்ற கம்பெனிகளுக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுக்கிறார். சில கம்பெனிகள், சொல்லிக்கொடுத்தால் கேட்டுக்கொள்ள வேண்டுமே என்பதற்காக, முதலில் தாழ்ப்பாளைக் கழற்றி வெளியே மாட்டுகின்றன என்று கேள்வி.

கரியப்பன் தாழ்ப்பாளை உள்பக்கம் மாட்டியபோது யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. பழைய ஓட்டைகளிலேயே திருகு பிடித்தது. டீ ஆறவில்லை.

மணிமேகலை முதல் ஆளாக உள்ளே போனாள். கதவைச் சாத்தி, கோலைத் தள்ளினாள். பழக்கதோஷத்தில் ஹம்மிங் தொண்டைவரை வந்துவிட்டது. வெளியே யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.